ஒரே இயேசு, இத்தனை சபைகள்: கிறிஸ்தவப் பிரிவுகள் எப்படி வந்தன?

சேலத்தில் நான்கு ரோடு பக்கம் குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது. அங்கே நடப்பது திருப்பலி. நடத்துபவர் ஃபாதர், அவருக்குக் கல்யாணம் கிடையாது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் கிறைஸ்ட் சர்ச். அங்கே நடப்பது ஆராதனை. நடத்துபவர் ஆயர், அவருக்கு மனைவி பிள்ளைகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கடை மாடியில் கீபோர்டும் டிரம்ஸுமாக இன்னொரு கூட்டம் நடக்கும், அங்கே இருப்பவர் பாஸ்டர். மூன்று இடத்திலும் வணங்குவது இயேசுவைத்தான். ஆனால் ஒரு கிறிஸ்தவர் இன்னொரு கிறிஸ்தவரை முதல்முறை சந்தித்தால், ஊர் பேர் கேட்ட கையோடு "நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்று கேட்டுவிடுவார். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை.

வெளியிலிருந்து பார்க்கிற பலருக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. கேட்கிறவருக்கும், இந்தப் பிரிவுகள் எப்போது எதனால் வந்தன என்று தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. "அவங்க மாதாவைக் கும்பிடுவாங்க, நாங்க கும்பிட மாட்டோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தக் கட்டுரை அதற்கு அடுத்த படி. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிளவிலும் மேலே தெரிவது கடவுளைப் பற்றிய ஒரு கருத்து வேறுபாடு. அதைக் கொஞ்சம் கிளறினால், முடிவு சொல்லும் அதிகாரம் யாருடையது என்ற தகராறு அடியில் கிடக்கும். கூடவே பணம், மொழி, இனம். நம் ஊரில் சாதியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏற்காட்டுக்குப் போனால் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், மான்ட்ஃபோர்ட் பள்ளி என்று பெயர்ப் பலகைகள் தெரியும். முன்னது 1894-இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர்கள் தொடங்கியது. பின்னது 1917-இல் புனித கபிரியேல் சபைப் பிரதர்கள் தொடங்கியது. இவை தனித்தனிப் பிரிவுகள் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல, இவை கத்தோலிக்கத் திருச்சபைக்குள் இருக்கும் துறவற சபைகள். அங்கி வேறு, ஒழுங்குமுறை வேறு, ஆனால் எல்லோருக்கும் மேலே ஒரே போப்தான். நாம் பேசப்போவது அந்த ஒரே தலைமையை ஏற்காமல் பிரிந்து போனவர்களைப் பற்றி.

அரசன் உள்ளே வந்தபோது

முதல் 300 ஆண்டுகளிலும் கிறிஸ்தவர்களுக்குள் சண்டை இருந்தது. ஆனால் அவர்களே ரோமப் பேரரசுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் பெரிதாக எதுவும் செய்துகொள்ள முடியாது. 313-இல் கான்ஸ்டன்டைன் அவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தார். அதன் பிறகு பிஷப்புகளின் வாதம் அரசாங்க விவகாரம் ஆகிவிட்டது.

அப்போது அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்றொரு குரு இருந்தார். 'மகன் தந்தையால் உண்டாக்கப்பட்டவர், எனவே தந்தைக்குச் சமமானவர் அல்ல' என்பது அவர் போதனை. இதைத் தீர்க்க 325-இல் நிசேயா என்ற ஊரில் (இன்று துருக்கியில் இருக்கிறது) பிஷப்புகளின் சங்கத்தைக் கூட்டியவர் கான்ஸ்டன்டைன். அவர் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. சங்கம் ஆரியுஸைத் தள்ளிவைத்தது. 337-இல் சாகும் தறுவாயில் கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் யார் தெரியுமா? ஆரியுஸின் பக்கம் நின்ற பிஷப். அரசர்களுக்குக் கொள்கையைவிட அமைதி முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நிலைத்துவிட்ட முதல் பிளவுகள் அடுத்த நூற்றாண்டில் வந்தன. இயேசு கடவுளும் மனிதனும் என்றால் அந்த இரண்டும் அவருக்குள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது கேள்வி. கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) பிஷப் நெஸ்டோரியஸ் அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கிறார் என்று 431-இல் எபேசு சங்கம் அவரைக் கண்டித்தது. பாரசீகப் பேரரசுக்குள் இருந்த கிழக்குத் திருச்சபை தனி வழியில் போனது. 451-இல் கால்செதோன் சங்கம் 'ஒரே ஆளில் இரண்டு இயல்புகள்' என்று முடிவு சொன்னது. எகிப்து, சிரியா, ஆர்மேனியா, எத்தியோப்பியா நாடுகளின் சபைகள் அதை ஏற்கவில்லை. இன்றைய காப்டிக், ஆர்மேனிய, சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகள் அந்த வழியில் வந்தவை.

கால்செதோனை எதிர்த்த இடங்களை வரைபடத்தில் பாருங்கள். பெரும்பாலும் கிரேக்கம் பேசாத மக்கள் வாழ்ந்த பகுதிகள். கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கும் கிரேக்கப் பேரரசன் வரி வசூலிக்கிறான், படை அனுப்புகிறான், பிஷப்பையும் அனுப்புகிறான். காப்டிக், சிரியாக் பேசுகிறவனுக்கு அந்த பிஷப்மேல் என்ன பாசம் இருக்கும்? 7-ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் எகிப்துக்கும் சிரியாவுக்கும் வந்தபோது, தங்களை ஒடுக்கிய பேரரசுக்காக அழ அங்கே பலருக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று தோன்றலாம். சேலத்தில் குடியேறிய மலையாளிகளிடம் கேளுங்கள் (ஏற்காட்டு மலைவாழ் மலையாளிகளைச் சொல்லவில்லை, கேரளத்திலிருந்து வந்தவர்களைச் சொல்கிறேன்). அவர்களில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய, மார்த்தோமா, சீரோ மலபார் என்று பல வகை உண்டு. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களுக்கு நூற்றாண்டுகளாகப் பாரசீகத்துக் கிழக்குத் திருச்சபையிலிருந்துதான் பிஷப்புகள் வந்துகொண்டிருந்தார்கள். போர்ச்சுக்கீசியர்கள் வந்து, 1599-இல் உதயம்பேரூரில் ஒரு சங்கம் கூட்டி, எல்லாரையும் ரோமின்கீழ் கொண்டுவந்தார்கள். அந்தக் கோபம் அரை நூற்றாண்டு புகைந்து, 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் வெடித்தது. இனி கத்தோலிக்கத் துறவிகளான சேசு சபைப் பாதிரிமாருக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று பெருங்கூட்டம் சத்தியம் செய்தது. ஆலய முற்றத்துச் சிலுவையில் கயிறு கட்டி ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்ததில் சிலுவையே சாய்ந்துவிட்டதாம். அதனால் அது 'கூனன் குரிசு சத்தியம்' ஆனது.

பிறகு ஒரு பகுதியினர் ரோமுக்கே திரும்பினார்கள். மற்றவர்கள் அந்தியோக்கியாவின் சிரியன் சபையோடு உறவு வைத்துக்கொண்டார்கள். இயேசுவின் இயல்பு பற்றிய வாதத்தில் பாரசீகச் சபை ஒரு கோடி என்றால் சிரியன் சபை மறு கோடி. முன்பு அந்தக் கோடியிலிருந்து பிஷப் வாங்கியவர்கள் இப்போது இந்தக் கோடியிலிருந்து வாங்கினார்கள். அந்த மக்களுக்கு முக்கியமாக இருந்தது தங்கள் தலைவரைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை.

கிழக்கும் மேற்கும்

1054-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அந்த ஆண்டு ஜூலை 16 அன்று, போப்பின் தூதராக வந்த கர்தினால் ஹும்பர்ட், கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயத்துக்குள் நுழைந்து, பீடத்தின்மேல் ஒரு சாபக் கடிதத்தை வைத்துவிட்டு வெளியேறினார். அங்கிருந்த முதுபெரும் தலைவர் மைக்கேல் செருலாரியுஸ் பதிலுக்குச் சபித்தார். ஹும்பர்ட்டை அனுப்பிய போப் 9-ஆம் லியோ அதற்கு மூன்று மாதம் முன்பே இறந்துபோயிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

காரணப் பட்டியல் நீளம். வழிபாட்டில் பகிரும் நற்கருணை அப்பம் புளித்த மாவில் செய்வதா, புளிக்காத மாவிலா? பரிசுத்த ஆவி தந்தையிடமிருந்து மட்டும் வருகிறாரா, மகனிடமிருந்துமா? கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட் வரை போன கதை நமக்குத் தெரியும். அங்கே நாமம் என்பது கோயில் யாருடையது என்பதன் அடையாளம். இங்கே அப்பமும் அப்படித்தான். ரோம் பிஷப் எல்லா பிஷப்புகளுக்கும் மேலானவரா, அல்லது சமமானவர்களில் மூத்தவர் மட்டுமா என்பதே அசல் கேள்வி.

அன்று நடந்த சாபப் பரிமாற்றத்தைச் சாமானிய மக்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் மனம் முறிந்தது 1204-இல். நான்காம் சிலுவைப்போருக்குக் கிளம்பிய மேற்கத்தியக் கிறிஸ்தவப் படை, எருசலேமுக்குப் போகாமல் கான்ஸ்டான்டிநோபிளுக்குள் புகுந்து, அந்தக் கிறிஸ்தவ நகரத்தையே கொள்ளையடித்தது. இறையியல் வாதத்தை மன்னிக்கலாம், கொள்ளையை மன்னிக்க முடியவில்லை. 1054-இன் சாபங்களை இரு தரப்பும் திரும்பப் பெற்றது 1965 டிசம்பரில். இன்னும் ஒன்றாகவில்லை.

கடன் அடைக்க வந்த வழி

நம் ஊர் சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தேகோஸ்தே (கடை மாடியில் பார்த்தோமே, அந்த வகை) எல்லாவற்றுக்கும் மூலம் 16-ஆம் நூற்றாண்டின் பிளவு. எனவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் என்றொரு பிரபு குடும்பத்து இளைஞர். ஏற்கெனவே ஒரு பேராயர் பதவியில் இருந்தார், மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவியும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். சட்டப்படி கூடாது. ரோமுக்குப் பெருந்தொகை கட்டினால் விலக்கு கிடைக்கும். ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கிக் கட்டினார். கடனை அடைக்க வேண்டுமே! பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் 'பாவமன்னிப்புச் சீட்டு'களைத் தன் பகுதியில் விற்க அனுமதி கிடைத்தது. வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட, மறுபாதி ஃபுக்கரின் கடனுக்கு. விற்பனைக்கு வந்தவர் தெட்சல் என்ற துறவி.

விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரும் துறவியுமான மார்ட்டின் லூதருக்கு அந்தக் கடன் கணக்கு தெரியாது. தன்னிடம் பாவசங்கீர்த்தனம் (பாவத்தை அறிக்கையிடுவது) செய்ய வருகிறவர்கள் சீட்டைக் காட்டி 'எனக்கு மனம் திரும்ப அவசியமில்லை' என்பது போலப் பேசியது மட்டும் தெரியும். 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துகளை எழுதி அதே ஆல்பிரெக்டுக்கே அனுப்பினார். அவை லத்தீனில் எழுதிய, அறிஞர்கள் வாதிடுவதற்கான வரிகள். அச்சகங்கள் அவற்றை ஜெர்மன் மொழியிலும் போட்டன, சில வாரங்களில் நாடெங்கும் பரவிவிட்டன.

நூறு ஆண்டுக்கு முன் போஹீமியாவில் ஜான் ஹஸ் ஏறக்குறைய இதே குரலில்தான் பேசினார். 1415-இல் அவரை உயிரோடு எரித்தார்கள். லூதர் ஏன் தப்பினார்? அச்சு இயந்திரம் ஒரு காரணம். இன்னொன்று, அவருடைய சிற்றரசர் சாக்சனியின் ஃபிரெடெரிக், தன் நாட்டுப் பணம் ரோமுக்குப் போவதை விரும்பாதவர். 1521-இல் பேரரசர் லூதரைக் குற்றவாளி என்று அறிவித்தபோது, அவரை வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்துவைத்தவர் இவரே. அந்த ஒளிவிடத்தில் இருந்தபடிதான் லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

'வேதமே போதும், முடிவு சொல்ல போப் வேண்டாம்' என்றார் லூதர். சரி, வேதத்துக்கு இரண்டு பேர் இரண்டு அர்த்தம் சொன்னால்? அந்தச் சிக்கல் உடனே வந்தது. 1529-இல் லூதரும் சுவிஸ் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியும் மார்பர்க்கில் உட்கார்ந்து பேசினார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனது. நற்கருணையில் கிறிஸ்துவின் உடல் உண்மையிலேயே இருக்கிறதா என்ற ஒன்றில் முடியவில்லை, பிரிந்துவிட்டார்கள். ஸ்விங்லி இருந்த சூரிக்கிலேயே இன்னொரு கூட்டம், 'குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?' என்று கேட்டு 1525-இல் பெரியவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தது. அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-இல் நகரசபை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. கொன்றவர்களும் சீர்திருத்தக்காரர்களே.

இங்கிலாந்துக் கதை வேறு. 8-ஆம் ஹென்றி லூதரை எதிர்த்துப் புத்தகம் எழுதி, போப்பிடம் பட்டம் வாங்கியவர். மனைவியை விலக்க போப் அனுமதிக்காததால், 1534-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தானே இங்கிலாந்துச் சபைக்குத் தலைவர் ஆகிவிட்டார். மடங்களைக் கலைத்து நிலங்களை எடுத்துக்கொண்டார். கொள்கை மாற்றம் மெதுவாகப் பின்னால் வந்தது. அதனால்தான் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துச் சபை) ஆராதனையில் பிஷப், அங்கி, பீடம், வரிசையான வழிபாட்டு முறை எல்லாம் கத்தோலிக்கச் சாயலில் தங்கிவிட்டன. கிறைஸ்ட் சர்ச்சுக்குள் போய்ப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கத்தோலிக்கத் தரப்பு சும்மா இருக்கவில்லை. 1545 முதல் 1563 வரை திரெந்து நகரில் சங்கம் கூடி, சீட்டு விற்பனைக்கு முடிவு கட்டியது, குருமடங்களை ஏற்படுத்தியது, வேதப் புத்தகங்களின் பட்டியலை உறுதி செய்தது. இன்றும் கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் (லூதர் காலத்தில் ரோமைவிட்டுப் பிரிந்தவர்களின்) பைபிளில் 66. பழைய ஏற்பாட்டில் வரும் தோபித்து, மக்கபேயர் போன்ற 7 நூல்கள்தான் வித்தியாசம்.

அரசியல் விளைவு கொடூரமானது. 1555-இல் ஜெர்மனியில் ஒரு சமாதானம் எழுதினார்கள்: மன்னன் எந்த மதமோ குடிகளும் அதே மதம், பிடிக்காதவர்கள் ஊரை விட்டுப் போகலாம். அது தாங்கவில்லை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில், சண்டை, பஞ்சம், கொள்ளைநோய் மூன்றுமாகச் சேர்ந்து லட்சக்கணக்கானவர்களைக் கொன்றன. ஒருவரை ஒருவர் அழிக்க முடியாது என்று களைத்துப்போன பிறகுதான், மதத்தை அரசு தீர்மானிக்கக் கூடாது என்ற பேச்சு ஐரோப்பாவில் மெல்ல எடுபட்டது. மறுபக்கம், வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்ற கட்டாயத்தால் புராட்டஸ்டன்ட் நாடுகளில் எழுத்தறிவு வேகமாக வளர்ந்தது.

சண்டை கப்பலேறி வந்தது

கத்தோலிக்கம் சேலத்துக்கு வந்தது முந்தி. மதுரையில் சந்நியாசிக் கோலத்தில் வாழ்ந்த சேசு சபையின் ராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். புராட்டஸ்டன்ட்டுகள் தமிழ்நாட்டுக்கு வந்தது 1706-இல். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர்கள் சீகன்பால்குவும் புளூச்சௌவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். கொஞ்ச நாளில் லூதர் காலத்துச் சண்டை தமிழிலேயே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கத் தரப்பில் வீரமாமுனிவர் 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' என்று எழுதிப் பதிலடி கொடுத்தார். விட்டன்பர்க்கும் ரோமும் மோதிக்கொண்டதில் தமிழ் உரைநடைக்கு லாபம். இதை நல்ல விளைவுகளின் கணக்கில் தாராளமாகச் சேர்க்கலாம்.

சேலத்தின் புராட்டஸ்டன்ட் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஜான் மைக்கேல் லெக்லர். லண்டன் மிஷனரி சங்கம் சேலத்தில் 1827-இல் வேலை தொடங்கியது. 1840-களில் லெக்லர் இங்கே அதன் முக்கிய மிஷனரி. ஆனால் அவர் அந்தச் சங்கத்துக்கு வந்துசேர்ந்ததே ஒரு பிளவின் கதை.

லெக்லர் ஜெர்மானியர். முதலில் திருநெல்வேலியில், ஆங்கிலிக்கன் சார்புள்ள சர்ச் மிஷனரி சங்கத்தில், ரேனியஸின்கீழ் இருந்தார். ரேனியஸும் ஜெர்மானியர், லுத்தரன் குருப்பட்டம் பெற்றவர். தான் பயிற்றுவித்த தமிழ் உபதேசியார்களை லுத்தரன் முறையில் தாங்களே குருவாக அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது ரேனியஸின் ஆசை. ஆங்கிலிக்கன் பிஷப் கைவைத்தால்தான் குருப்பட்டம் செல்லும் என்றது சங்கம். ஆங்கிலிக்கன் முறைகளை விமர்சித்து ரேனியஸ் எழுதவும் செய்தார். 1835-இல் உறவு முறிந்தது. ரேனியஸோடு வெளியேறிய சகாக்களில் லெக்லரும் ஒருவர். திருநெல்வேலிச் சபையே இரண்டாகப் பிரிந்து நின்றது. 1838-இல் ரேனியஸ் இறந்ததும் பிளவு பெரும்பாலும் ஆறிவிட்டது. லெக்லர் மட்டும், பிஷப் முறையே இல்லாத லண்டன் மிஷனுக்குப் போனார். அந்த வழியில்தான் சேலத்துக்கு வந்தார்.

யோசித்துப் பாருங்கள். பிஷப் இல்லாமல் குரு உண்டாக முடியுமா என்ற 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தகராறு, ஒரு ஜெர்மானியரைத் திருநெல்வேலியிலிருந்து கிளப்பிச் சேலத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அவருடைய சபையில் சேர்ந்த சேலத்துக்காரர்களுக்கு அந்தத் தகராறில் எந்தப் பங்கும் இல்லை. சர்ச் மிஷனரி சங்கத்துக்காரர் வந்திருந்தால் ஆங்கிலிக்கன் ஆகியிருப்பார்கள், இவர் வந்ததால் ஆகவில்லை.

பெரும்பாலான தமிழ்ப் புராட்டஸ்டன்ட்டுகளின் கதை இதுவே. மிஷன்கள் ஒன்றின் பகுதிக்குள் இன்னொன்று நுழைவதில்லை என்று தங்களுக்குள் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டன. சேலம், கோவை, நாகர்கோவில் லண்டன் மிஷனுக்கு. மதுரை அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷனுக்கு. வேலூர் பக்கம் அமெரிக்க ரிஃபார்ம்டு சபைக்கு. கரூர் வெஸ்லியன் மெதடிஸ்டுகளுக்கு. ஒருவர் எந்தப் பிரிவு என்பதை அவர் தாத்தா எந்த ஜில்லாவில் இருந்தார் என்பது முடிவு செய்தது. இறையியலுக்கு அதில் பங்கு குறைவு.

சேலத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவினையும் இருந்தது. லண்டன் மிஷன் சபை உள்ளூர் மக்களுடையது. சென்னைக் கட்டடக்கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1870-களில் எழுந்த கிறைஸ்ட் சர்ச்சோ, ஆங்கிலிக்கன் முறையில் துரைமார்கள் தொழுத இடம். ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி ஆலயமும் அந்த வகைதான். அதிகாரியும் தோட்டத்துரையும் தொழுதது ஒரு சபையில், ஊர் ஜனம் தொழுதது வேறொரு சபையில்.

சாதி எந்தப் பக்கம்?

ஐரோப்பாவில் இல்லாத ஒரு காரணத்தை நாம் சேர்த்தோம். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும், எல்லோரும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சைப் பகுதியில் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். பிறகு லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தபோது, அது சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போனதால், பலர் அங்கே மாறினார்கள். கொள்கை பார்த்து மாறியதாக அவர்கள் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

எதிர்த்திசையிலும் ஒரு பிளவு நடந்தது. லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஆக்ஸ், இந்த விட்டுக்கொடுப்பைச் சகிக்க முடியாமல் வெளியேறி, 1860-களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். அதன் வழி வந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. டேனிஷ் மிஷன் பிற்பாடு சேர்வராயன் மலையிலும் பணி செய்தது. கத்தோலிக்கத்தின் கதையும் யோக்கியமில்லை. தமிழ்நாட்டில் பல பங்குகளில் தனித்தனிக் கல்லறைகள், தனித்தனி இருக்கைகள், நடுவே சுவர் எல்லாம் இருந்தன, சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. ஒரே சாதி ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் சம்பந்தம் பேசுவது எளிது. ஒரே சபைக்குள் இரண்டு சாதி பேசுவது கடினம். இதைத் தமிழ்க் கிறிஸ்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

ஒட்டவைத்த முயற்சி

பிளவு நம்முடையது அல்ல, வெள்ளைக்காரர்களுடையது என்ற எண்ணம் தென்னிந்தியாவில் சீக்கிரமே வந்தது. 1908-இல் பிஷப் முறை இல்லாத காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது, சேலமும் அதற்குள் வந்தது. 1919-இல் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். இந்தப் பிரிவுகள் நாம் உண்டாக்கியவை அல்ல, நமக்கு வேண்டியவையும் அல்ல என்று எழுதிவைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர், வெள்ளாளன்விளையில் பிறந்து முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆன வி. எஸ். அசரியா.

எழுதிவைத்தது நடக்க 28 ஆண்டுகள் ஆயின. இழுத்தடித்தது எது? லெக்லரை வெளியேற்றிய அதே கேள்வி. பிஷப் கைவைக்காத ஆயர்களை ஆங்கிலிக்கர்கள் எப்படி ஏற்பது? மறுபடி அபிஷேகம் செய்யலாம் என்றால், 'இத்தனை நாள் நாங்கள் கொடுத்த நற்கருணை பொய்யா?' என்று மற்றவர்கள் கேட்பார்கள். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். இருக்கிற ஆயர்களை அப்படியே ஏற்பது, இனி வருகிறவர்களுக்கு பிஷப் கையால் அபிஷேகம், இடைக்காலம் 30 ஆண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம் கழித்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தது. ஆங்கிலிக்கன் போன்ற பிஷப் சபையும் பிஷப்பே இல்லாத சபைகளும் இப்படி ஒன்றானது உலகத்துக்கே புதிது. அப்போதும் ஆந்திரத்து நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கர்கள் பலர் சேர மறுத்துவிட்டார்கள். லுத்தரன்களும் சேரவில்லை.

கிறைஸ்ட் சர்ச்சும் பழைய லண்டன் மிஷன் ஆலயமும் ஒரே சபையானது அப்படித்தான். ரோமோடு ஒப்பந்தமும் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 1999-இல் கத்தோலிக்கரும் லுத்தரன்களும், மனிதன் மீட்படைவது விசுவாசத்தாலா செயலாலா என்ற லூதர் காலத்து வாதத்தில் பொது அறிக்கை வெளியிட்டார்கள். போப்பின் அதிகாரம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

இதற்கிடையே புதிதாகப் பிரிவதும் ஓயவில்லை. 1906-இல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய எழுப்புதல் கூட்டத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்தது அன்றைய அமெரிக்காவில் அதிசயம். பெந்தேகோஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவ அது பெரிய காரணம். ஆனால் 1914-இல் அந்த இயக்கத்தின் பெரிய சபையான அசெம்பிளிஸ் ஆஃப் காட் உருவானபோது அதில் பெரும்பாலும் வெள்ளையர்களே இருந்தார்கள். அங்கே நிறம் செய்த வேலையை இங்கே எது செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேலத்தில் இன்று குடும்பங்களுக்குள் உரசல் வருவது பெரும்பாலும் ஆர்.சி., சி.எஸ்.ஐ. விஷயத்தில் அல்ல. ஆர்.சி. பெண் சி.எஸ்.ஐ. மாப்பிள்ளையைக் கட்ட வேண்டுமென்றால் ஆர்.சி. பிஷப்பின் அனுமதி வாங்க வேண்டும், ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். தண்ணீரும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற பெயர்களும் இருந்தால் சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கம் ஏற்கிறது, மறுபடி கொடுப்பதில்லை. பெந்தேகோஸ்தே சபைக்குப் போகிற பிள்ளைதான் வீட்டைக் கலக்குவான். குழந்தையில் தலையில் தெளித்ததெல்லாம் செல்லாது, முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்பார் அங்குள்ள பாஸ்டர். அவன் சபைத் தொட்டியிலோ ஆற்றிலோ மூழ்கி எழுந்து வருவான். 'அப்போ நாங்க உனக்குச் செஞ்சது என்ன?' என்று அம்மா கேட்பார். 1525-இல் சூரிக் நகரசபை கேட்ட கேள்வி அது. இப்போதெல்லாம் யாரும் யாரையும் மூழ்கடிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்குள் பேச்சுவார்த்தை திரும்பிவிடுகிறது, பெரும்பாலும்.